நால்வர் உறங்கலாம்

ட்ரெய்லர் வாங்கியிருக்கிறேன் என்று சென்னைக்குப் போன் போட்டுச் சொன்னதும் மச்சான் கேட்ட முதல் கேள்வி, "எந்தப் படத்துக்கு மாமா?" காருக்குப் பின்னால் கட்டி இழுத்துக்கொண்டு போய்க் காட்டில் நிறுத்தி, உள்ளே படுத்துத் தூங்குவதற்கான குட்டி வண்டி என்று விளக்கினேன். கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் சத்தமே இல்லை. பிறகு, "வீட்டுக்கு இன்னும் லோன் கட்டிட்டுதானே இருக்கீங்க? அதை விட்டுட்டு வெளிய போய்த் தூங்கணுமா?" என்றான். இதற்கு நல்ல பதில் இன்றுவரை கிடைக்கவில்லை.

நாங்கள் இருப்பது டொராண்டோ பக்கம். இங்கே வெயில்காலம் என்பது கண் சிமிட்டும் நேரத்துக்கு வந்துவிட்டுப் போகும் விருந்தாளி. அந்த இரண்டு மாதமும் வீட்டுக்குள் இருப்பதை இந்த ஊர்க்காரர்கள் ஏறக்குறைய பாவமாகவே நினைக்கிறார்கள். தெருவில் ஒவ்வொரு வீட்டு வாசலிலிருந்தும் ஏதோ ஒரு வண்டி எதையோ இழுத்துக்கொண்டு கிளம்புவதைப் பார்த்துப் பார்த்து எனக்கும் அந்த வியாதி தொற்றிக்கொண்டது. பழைய வண்டி விற்பனை விளம்பரம் ஒன்று கண்ணில் பட்டது. 13 அடி, ஃபைபர்கிளாஸ், நால்வர் உறங்கலாம். நான், மனைவி, பதினோரு வயது மகள் என்று மூன்று பேர். ஜூலையில் பெரம்பூரிலிருந்து அப்பா வருகிறார். கணக்கு கச்சிதமாக நாலு வந்தது. முன்பணம் கொடுத்துவிட்டேன்.

விளம்பரத்தில் பொய் எதுவும் இல்லை. உறங்கலாம் என்றுதான் போட்டிருந்தது. உட்காரலாம் என்று போடவில்லை. ஒருவர் உறங்கும்போது இன்னொருவர் உட்காரலாம் என்று நிச்சயமாகப் போடவில்லை. தமிழாசிரியரின் மகளைக் கட்டிய எனக்கு வினைமுற்றைக் கவனித்துப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

13 அடி என்பதும் வண்டியின் நீளமில்லை. காரைப் பிடித்துக்கொள்கிற இரும்புக் கையையும் சேர்த்து அளந்த நீளம் அது. மனிதர்களுக்கு மிஞ்சுவது பத்தடிதான். வடிவத்தில் ஒரு பெரிய வெள்ளை முட்டை. இந்த முட்டை வம்சத்தின் மூலபுருஷர் வினிபெக் நகரத்து ரே ஒலெக்கோ. ஃபைபர்கிளாஸில் செப்டிக் டேங்க் செய்துகொண்டிருந்த அவர், அதே சரக்கில் சின்ன கார்கூட இழுத்துப் போகும் லேசான வண்டி ஒன்றைச் செய்தால் என்ன என்று யோசித்து 1968இல் கொண்டுவந்தது போலர் என்ற ட்ரெய்லர். பவுலர் தொப்பியைக் கவிழ்த்தது போல இருந்ததால் அந்தப் பெயர். மேல் பாதி ஒரு வார்ப்பு, கீழ்ப் பாதி ஒரு வார்ப்பு, நடுவில் ஒட்டு. எங்களுடையது போலர் இல்லை. வேறு கம்பெனி செய்த, அந்த வம்சத்தில் வந்த சித்தப்பா மகன்.

செப்டிக் டேங்க் கதையை அப்பாவிடம் சொன்னபோது நெற்றியைச் சுளிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் வண்டியின் வயிற்றை விரலால் தட்டிப் பார்த்துவிட்டு, "கெட்டிக்காரன்டா. இதுக்குள்ள மனுஷன் எப்படி இருப்பான்னு தொட்டியைப் பாத்து ஒருத்தனுக்குத் தோணுது பாரு" என்றார்.

அப்பாவைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். பெரம்பூர் ஐ.சி.எஃப்.பில், ரயில் பெட்டிக்குள் சீட்டும் பெர்த்தும் பொருத்துகிற பிரிவில் முப்பத்து மூன்று வருஷம் வேலை பார்த்தவர். இந்தியாவில் எந்த ரயிலில் ஏறினாலும் முதலில் பெர்த்தின் சங்கிலியை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் உட்காருவார். உட்காரும் இடத்தையே படுக்கும் இடமாக்குவது எப்படி என்ற ஒரே கேள்விக்கு வாழ்நாள் முழுக்கச் சம்பளம் வாங்கிய ஒருவரை, அதே கேள்விக்குள் நாலு நாள் அடைத்து வைக்கப் போகிறேன் என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை.

உள்ளே நுழைந்ததும் இரண்டு நிமிஷம் நின்று பார்த்தார். பின்பக்கம் எதிரெதிராக இரண்டு பெஞ்சு, நடுவில் மேசை. முன்பக்கம் ஒரு சோபா. சோபாவின் முதுகைத் தூக்கி மேலே மாட்டினால் அது மேல் படுக்கை. மேசையின் ஒற்றைக் காலைக் கழற்றிவிட்டு, பலகையை இரண்டு பெஞ்சுக்கும் நடுவில் உள்ள விளிம்பில் இறக்கி, முதுகு மெத்தைகளை அதன்மேல் போட்டால் இருவர் படுக்கும் கட்டில்.

"டேய், இது சைடு லோயர்டா" என்றார் அப்பா, பின்பக்கத்தைக் காட்டி. "இது மிடில் பெர்த்து. நம்ம பெட்டியை எவனோ முட்டைக்குள்ள வெச்சுட்டான்." பிறகு, உண்மையை மறைக்கக் கூடாது என்பது போல, "ஐடியா நம்மளுது இல்ல. அமெரிக்காவுல புல்மன்னு ஒருத்தர், 1860கள்லயே எதிரெதிர் சீட்டை இழுத்துச் சேத்துக் கட்டிலாக்கினாரு" என்றும் சேர்த்துக்கொண்டார்.

போன இடம் அல்கோன்குயின் பூங்கா. 1893இல் உருவான, ஒன்டாரியோவின் முதல் மாகாணப் பூங்கா. 60ஆம் எண் நெடுஞ்சாலையில் காரைத் திருப்பினால் இரண்டு பக்கமும் மேப்பிளும் பைனும் முடிவில்லாமல் ஓடும். பரப்பு 7,600 சதுர கிலோமீட்டருக்கு மேல், அதாவது சென்னை மாவட்டத்தைப் போல ஏறக்குறைய பதினெட்டு மடங்கு. இவ்வளவு பெரிய காட்டில் எங்கள் நாலு பேருக்கு 65 சதுர அடி.

முதல் ராத்திரி கட்டில் போடுவதற்கு முக்கால் மணி நேரம் ஆனது. மேசைக்கால் தரையில் ஒரு குழியில் சொருகியிருக்கும் இரும்புக் குழாய். திருகி இழுத்தால் வரும் என்றார் விற்றவர். பலகை வந்தது, குழாய் வரவில்லை. தலையில்லாத காளான் போல நடுவில் குழாய் மட்டும் நிற்க, நான் அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு போராட, மனைவி கையில் பலகையோடு நிற்க, மகள் போக இடமில்லாமல் சிங்க்கின் மேல் ஏறி உட்கார்ந்திருந்தாள். உள்ளே ஒருவர் குனிந்தால் மற்ற மூவரும் இடம் மாற வேண்டும் என்பதை அப்போதுதான் கண்டுபிடித்தோம். குழாய் திடீரென்று பிடுங்கிக்கொண்டு வந்ததில் என் முழங்கை எதில் இடித்தது என்பதைச் சொல்லத் தேவையில்லை. உள்ளே இருந்தது மொத்தமே ஐந்து பொருள், அதில் ஒன்று என் மனைவி.

அடுத்தது மெத்தை. நாலு துண்டு, நாலும் நாலு அளவு. எந்த வரிசையில் அடுக்கினாலும் ஒட்டு ஒன்று சரியாக இடுப்புக்குக் கீழேயே வந்து நின்றது. அப்பா வெளியே நின்றபடி ஜன்னல் வழியாக, "சைடு லோயர்லயும் அதே கம்ப்ளெயின்ட்டுதான். போர்வையை நாலா மடிச்சு ஒட்டுல வை" என்றார். வைத்தோம். பள்ளம் மேடாகியது.

ஒரு வழியாக நானும் மனைவியும் பின்கட்டிலில் ஏறிப் படுத்தோம். மகளும் மேல் படுக்கைக்குப் போகும் முன் எங்களோடு கொஞ்ச நேரம் வந்து ஒட்டிக்கொண்டாள். அப்பா பல் தேய்க்கக் கீழே இறங்கினார். அவர் கால் தரையைத் தொட்ட அதே நொடியில் வண்டியின் முன்பக்கம் மெதுவாக, மிகவும் மரியாதையாக மேலே எழுந்தது. நாங்கள் மூவரும் பின்சுவரை நோக்கிச் சறுக்கினோம். சிங்க்கிலிருந்த எவர்சில்வர் டம்ளர் ஒன்று எங்களைத் தேடி வந்தது. காரிலிருந்து கழற்றிய வண்டிக்கு அச்சு ஒன்றுதான், சக்கரமும் இரண்டுதான். பின்பக்கம் முட்டுக்கால் இறக்கி வைக்கவில்லையென்றால் அது சீசாப் பலகை. விற்றவர் சொன்னதுதான். நான்தான் மறந்துவிட்டேன். அப்பா வாயில் நுரையோடு படியில் ஏறி உள்ளே கால் வைத்தார். முன்பக்கம் இறங்கியது. காலை எடுத்தார். ஏறியது. மறுபடி வைத்தார். எழுபத்தாறு வயதில் அவர் இவ்வளவு சந்தோஷப்பட்டு நான் பார்த்ததில்லை.

முட்டுக்கால் போட்டு, பதினொரு மணிக்கு விளக்கணைத்தோம். உண்மையான பிரச்சினை நாலரை மணிக்கு ஆரம்பித்தது.

அப்பா நாலரைக்கு எழுந்துவிடுவார். ஷிஃப்ட் போனாலும் ஷிஃப்டுப் பழக்கம் போகவில்லை. எழுந்தால் உட்கார வேண்டும், உட்கார்ந்தால் காபி வேண்டும். எங்கே உட்காருவார்? அவருடைய சோபாவின் முதுகு மேலே போய் மகளுக்குப் படுக்கையாகிவிட்டது. நிமிர்ந்தால் தலை இடிக்கும். மேசையடி பெஞ்சுகள் எங்களுக்கு அடியில். வெளியே நாற்காலி உண்டு, கூடவே கொசுவும் உண்டு. இந்த ஊர்க் கொசுவுக்குப் பெரம்பூர்க் கொசுவைப் போல ரகசியமாகக் கடிக்கத் தெரியாது. கூட்டமாக வந்து வெளிப்படையாகக் கடிக்கும்.

காபி இன்னும் தூரத்தில் இருந்தது. கரடி உலவும் காடு என்பதால் வாசனை அடிக்கிற எதையும் வெளியே விட்டு வைக்கக் கூடாது, காருக்குள் பூட்டிவிட வேண்டும் என்பது பூங்காவின் கண்டிப்பான விதி. சோறு, பால் மட்டுமில்லை, சோப்பு, பற்பசைகூட. ராத்திரியே இறக்கி வைத்த டிகாக்ஷன் ஃபில்டரோடு காரில் பூட்டப்பட்டிருந்தது. விபூதிக்கும் வாசனை உண்டா என்று அப்பா கேட்டார். கரடிக்கு என்ன தெரியும் என்று அதையும் காரில் வைத்தோம். கார் சாவி என் பேன்ட்டில், பேன்ட் பெஞ்சுக்கு அடியில் உள்ள பெட்டிக்குள், பெட்டியின் மூடிமேல் மெத்தை, மெத்தையின்மேல் நான். இந்த மாதிரி வண்டியில் சாமான் வைக்கும் இடமெல்லாம் படுக்கைக்கு அடியில்தான். ஆகவே உங்களுக்கு எது தேவையென்றாலும் அது தூங்கிக்கொண்டிருக்கும் ஒருவருக்குக் கீழேதான் இருக்கும்.

அப்பா யாரையும் எழுப்பவில்லை. நாலரையிலிருந்து மல்லாந்து படுத்தபடி, ஒரு முழத்துக்கு மேலே இருந்த பிளைவுட்டைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். சரியாக ஆறு மணிக்கு அந்தப் பிளைவுட்டை விரல் கணுவால் தட்டினார்.

"மணி ஆறு. மிடில் பெர்த்தை இறக்கும்மா."

"தாத்தா, இட்ஸ் வெக்கேஷன்!"

"ரூல் ரூல்தான் கண்ணு. பத்துலேருந்து ஆறு வரைக்கும்தான் தூங்குற டைம். முன்னாடி ஒம்பதுலேருந்து இருந்துது. 2017ல பத்துன்னு மாத்திட்டாங்க. ஆறுக்கு மேல சீட்டு எல்லாருக்கும் பொது."

"நான் காசு குடுக்கலியே?"

"அரை டிக்கெட்டு எடுத்தா பெர்த்தே கிடையாது. உனக்குக் குடுத்ததே பெரிசு."

மகள் போர்வையோடு இறங்கி, கண்ணைத் திறக்காமலே எங்கள் கட்டிலில் வந்து விழுந்தாள். நாங்கள் மூவர் ஆனோம். படுக்கை வண்டியின் குறுக்கே போவதால் சுவரோரம் படுத்தவன் வெளியே வர வேண்டுமானால் மற்றவர்களைத் தாண்டித்தான் வரவேண்டும். சுவரோரம் படுத்தவன் நான். சாவி எனக்கு அடியில். மனைவியையும் மகளையும் எழுப்பி, மெத்தையைத் தூக்கி, மூடியைத் திறந்து, பேன்ட்டை எடுத்து, சாவியை அவசரமாக அழுத்தியதில் விரல் சிவப்புப் பொத்தானில் பட்டுவிட்டது. கார் அலற ஆரம்பித்தது. பூங்காவின் அந்தப் பகுதியில் அன்று காலை எல்லாரும் ஆறு மணிக்கே எழுந்தார்கள்.

அன்று முழுக்க மழை. காட்டில் மழை அழகுதான், ஓர் இடத்தில் உட்கார்ந்து பார்த்தால். மகளுக்குப் படுத்துக்கொண்டு கதைப்புத்தகம் படிக்க வேண்டும், அதற்குக் கட்டில். அப்பாவுக்குச் சீட்டாட வேண்டும், அதற்கு மேசை. மனைவிக்கு வெங்காயம் நறுக்க வேண்டும், அதற்கும் மேசை. எனக்கு இவர்கள் மூவரும் வெளியே போக வேண்டும், அதற்கு வழியில்லை. காலையிலிருந்து மதியத்துக்குள் கட்டிலை மூன்று முறை மேசையாக்கினேன், மேசையை மூன்று முறை கட்டிலாக்கினேன். இரும்புக் குழாய் இப்போது என் கைக்குப் பழகிவிட்டது. அலுவலகத்தில் நான் செய்யும் எந்த வேலையிலும் இவ்வளவு வேகம் எனக்கு வந்ததில்லை.

நாலாவது முறை குழாயோடு நின்றபோது மனைவி சொன்னாள்: "ஏங்க, அதைக் கீழ வைங்க. பாட்டி வீட்டுத் திண்ணையில மேசை இருந்துதா என்ன?"

இல்லை. அவள் பாட்டி வீட்டுத் திண்ணையில் பகலெல்லாம் ஆட்கள் உட்கார்ந்திருப்பார்கள், ராத்திரி அதிலேயே படுப்பார்கள். நடுவில் யாரும் வந்து எதையும் கழற்றி மாட்டியதாகத் தெரியவில்லை. கூடத்தில் பாயை விரித்தால் படுக்கை, சுருட்டி மூலையில் சாத்தினால் கூடம். தட்டும் தரையில், மனிதனும் தரையில். இந்த இரும்புக் குழாய், ஒற்றைக்கால் மேசை, விளிம்பு, நாலு துண்டு மெத்தை, எல்லாமே காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்தே தீருவேன் என்று பிடிவாதம் பிடிக்கிறவர்களுக்காகச் செய்தது. அந்தக் காலை மடக்கிவிட்டால் வேலை முடிந்தது. கட்டிலைக் கட்டிலாகவே விட்டுவிட்டு அதன்மேல் மூவரும் சம்மணம் போட்டோம். மேலே ஒரு பெட்ஷீட், அதன்மேல் பழைய செய்தித்தாள், அதன்மேல் வெங்காயம். இப்படிச் செய்கிறவர்கள் இந்த ஊரிலும் நிறையப் பேர் உண்டு என்று பிறகு பார்த்தேன். வாங்கிய முதல் வருஷத்திலேயே கட்டிலை நிரந்தரமாக்கிவிட்டு, சாப்பாட்டை வெளியே மரமேசைக்கு மாற்றிவிடுகிறார்கள். ஆனால் அவர்கள் சம்மணம் போடுவதில்லை. மழை வந்தால் படுத்துக்கொண்டே சாப்பிடுவார்களோ என்னவோ.

கண்டுபிடிப்பின் பெருமையில் அப்பாவைப் பார்த்து, "வாங்கப்பா, மேல ஏறி உக்காருங்க" என்றேன்.

அப்பா தன் முட்டியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அவர் சம்மணம் போட்டு ஏழெட்டு வருஷம் ஆகிறது. கோயில் பிராகாரத்தில்கூடத் தூணோரம் கல்லைத் தேடித்தான் உட்காருவார். அது எனக்குத் தெரியும். தெரிந்தும் கூப்பிட்டிருக்கிறேன்.

"நீங்க உக்காருங்க. எனக்கு இது போதும்" என்று சோபாவில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்தார். தட்டை மடியில் வைத்துக்கொண்டார், தண்ணீர் டம்ளரை ஜன்னல் விளிம்பில் வைத்தார். மேசை எங்களுக்கு அடியில் இருந்தது. வெளியே மழைக்குள் மரங்கள் அசையாமல் நின்றன. "ட்ரெயின் எங்கியோ அவுட்டர்ல நிக்குற மாதிரி இருக்குடா" என்றார். ரயிலில் தட்டை மடியில் வைத்துச் சாப்பிடுவதில் ஐம்பது வருஷ அனுபவம் இருப்பவர், ஒரு பருக்கை சிந்தவில்லை. மேசைமேலேயே உட்கார்ந்திருந்த எங்கள் பக்கம்தான் ரசம் கவிழ்ந்தது.

அன்று ராத்திரி மழைக்காக ஜன்னல்களை இறுக்கி மூடிப் படுத்தோம். விடியற்காலையில் நெற்றியில் சொட்டென்று ஒரு துளி. "ஒழுகுதுங்க" என்றாள் மனைவி. டார்ச் அடித்துப் பார்த்தால் கூரை முழுக்க முத்து முத்தாக ஈரம். மழைநீர் இல்லை. நாலு பேர் ராத்திரி முழுக்க விட்ட மூச்சு, வெளியே குளிர்ந்த ஃபைபர்கிளாஸில் பட்டு நீராகி எங்கள்மேலேயே திரும்பி விழுந்துகொண்டிருந்தது. கூரையில் உள்ள காற்றுத் துவாரத்தையும் ஒரு ஜன்னலையும் விரல் அகலத்துக்குத் திறந்து வைத்திருந்தால் போதும். எனக்கு மேலே இருந்த துளிகள் கொஞ்சம் பெரியவை. அவை மூச்சு இல்லை, பெருமூச்சு.

மூன்றாம் நாள் இன்னொரு கோளாறு. மேசைப் பலகை உட்காரும் விளிம்பு ஒரு பக்கம் தேய்ந்திருந்ததால், நான் புரண்டால் பலகை அரை அங்குலம் நகர்ந்தது. இரண்டு முறை புரண்டால் ஓரங்குலம். விளிம்பின் அகலமே ஓரங்குலம்தான். அப்பா குனிந்து, டார்ச் அடித்து, விரலை விட்டு அளந்தார்.

"ஒரு ஆப்பு வெச்சா சரியாயிடும்" என்றார்.

"நம்ம ஆபீஸ்லயும் இதான் சொல்றாங்க" என்றேன்.

வெளியூர் விறகை உள்ளே கொண்டுவரக் கூடாது, அதோடு மரத்தைத் தின்னும் பூச்சியும் வந்துவிடும் என்பதால் பூங்காவிலேயே வாங்கிய விறகுக் கட்டு ஒன்று எங்களிடம் இருந்தது. அதில் ஒரு துண்டை எடுத்து, காய்கறிக் கத்தியால், படியில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் சீவினார். ஒரு பக்கம் தடித்து, மறுபக்கம் நகம் போல மெலிந்து, விரல் நீளத்துக்கு ஓர் ஆப்பு. இடையில் இரண்டு முறை உள்ளே வந்து வைத்துப் பார்த்தார், எடுத்துக்கொண்டு போய் இன்னும் ஒரு சீவல் சீவினார். கடைசியில் உள்ளங்கையால் தட்டினார். டப்பென்று உட்கார்ந்தது. நான் வேண்டுமென்றே புரண்டேன். பலகை அசையவில்லை. அன்று ராத்திரி எட்டு மணி நேரம் தூங்கினேன்.

நாலாம் நாள் சாயங்காலம் கட்டிலைத் தட்டி, பெட்ஷீட் உதறும்போது ஆப்பைக் கழற்றி வாசல் படியில் வைத்திருந்தேன். மகள் மார்ஷ்மெல்லோ சுடுவதற்காகத் தீ வளர்த்துக்கொண்டிருந்தாள். சிராய்த்தூளும் சின்னத் துண்டுகளும் எங்கே கிடைத்தாலும் பொறுக்கிப் போட்டாள். மார்ஷ்மெல்லோ அருமையாக வெந்தது. தாத்தாவுக்கும் ஒன்று கொடுத்தாள். அவர் சப்புக் கொட்டிக்கொண்டு சாப்பிட்டார். இரவு இரண்டு மணிக்கு நான் புரண்டேன்.

விழுந்தது ஒரு மூலைதான். சத்தம் மட்டும் முழுக் கட்டிலுக்கானது. இருட்டில் முன்பக்கத்திலிருந்து அப்பாவின் குரல் கேட்டது: "என்னடா, ஆப்பு நழுவிடுச்சா?"

"ஒண்ணுமில்லப்பா, டம்ளர் விழுந்துடுச்சு. நீங்க தூங்குங்க" என்றேன். என் கால்கள் அப்போது தலையைவிட ஓரடி கீழே இருந்தன. மனைவி போர்வைக்குள் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக்கொண்டிருந்தாள். விடியும்வரை அப்படியே சரிவில் கிடந்தோம்.

அப்பா செப்டம்பரில் ஊருக்குப் போய்விட்டார். ஞாயிற்றுக்கிழமைதோறும் வீடியோவில் வருவார். முட்டி எப்படி இருக்கிறது, பேத்தி என்ன படிக்கிறாள், அங்கே பனி விழ ஆரம்பித்துவிட்டதா, எல்லாம் முடிந்து வைக்கப்போகும் நேரத்தில் கேட்பார்: "வண்டி நல்லா இருக்கா? அந்த ஆப்பு கெட்டியா இருக்கா?"

"கெட்டியா இருக்குப்பா."

"குளிர்ல மரம் சுருங்கும். கழட்டி வீட்டுக்குள்ள எடுத்து வெச்சுடு."

"வெச்சுட்டேம்ப்பா" என்கிறேன். வைத்துத்தான் இருக்கிறேன். கீழ்த்தள அறையில், கருவிப் பெட்டிக்குள், மரக்கடையில் வாங்கிய கட்டையில் நானே சீவிய ஏழு ஆப்புகள் இருக்கின்றன. ஏழில் எதுவும் பொருந்தவில்லை.